சி டியூப் ஒட்டவில்லை

நதியாவுக்குத் தன் கைமேல் நம்பிக்கை உண்டு. அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி அருள்செல்வனுக்குத்தான் அது இல்லை.

"சி டியூப் சொதப்பிடுச்சுல்ல, அதை ஸ்லைட்லேர்ந்து எடுத்துடும்மா. கெட்டுப்போச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்" என்று காலையிலேயே சென்னையிலிருந்து போன் செய்தார். பதினொரு மணிக்கு ஆன்லைனில் ஆய்வுக்குழு கூட்டம். குழுவிலிருக்கும் சித்ரகலா மேடம் தலையாட்டினால் ஆராய்ச்சி தொடரும். இல்லாவிட்டால் இத்தனை வருட உழைப்பும் குப்பைக்குத்தான்.

"கெட்டுப்போகல சார். திரும்பத் திரும்பப் பண்ணிப் பாத்துட்டேன்."

"பிடிவாதம் பிடிக்காத" என்று வைத்துவிட்டார்.

அவர் வைத்ததும், நதியா விடுமுறைக்கு வந்திருந்த சொந்த ஊரான நல்லூரில் கரண்டும் போயிற்று. மாதாமாதம் வரும் ஷட்டவுன். அது நாளைக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தாள் நதியா. உடம்புச் செல்லுக்குள் நடப்பதெல்லாம் தெரிந்தவளுக்குக் கிழமை மட்டும் மண்டையில் ஏறாது.

"எங்க கம்பெனிக்கு வாடி, ஜெனரேட்டர் ஓடும். பாத்துக்கிருவோம்" என்று அம்மா மூக்கம்மாள் கையோடு கூட்டிப்போனாள். அந்தப் பனியன் கம்பெனியில் அம்மாவுக்கு செக்கிங் பிரிவில் வேலை. சூப்பர்வைசர் தரணி மூலையில் ஒரு மேசையை ஒதுக்கித் தந்தார். "சத்தந்தான் கொஞ்சம் இருக்குமுங்க கண்ணு, பரவால்லீங்களா?"

சுற்றிலும் பெண்கள் டி-ஷர்ட்டுகளைப் புரட்டி, ஓட்டை கண்ட இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். செல்லும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறது. மரபணுவை நகலெடுக்கும் நொதிக்கு ஒரு நீண்ட வால் உண்டு. அதில் ஏழு அமினோ அமிலங்கள் அதே வரிசையில் திரும்பத் திரும்ப வரும். செல் அந்த வாலில் பாஸ்பேட்டை ஒட்டும், உரிக்கும். எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, அதற்குரிய புரதம் வந்து பிடித்துக்கொள்ளும். நதியா ஆராயும் புரதம் வந்து பிடித்தால், நகலெடுப்பது நிற்கும்.

சித்ரகலா மேடம் இதை ஏற்கவில்லை. பாஸ்பேட்டில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. அது எங்கே இருந்தாலும் அந்த ஈர்ப்பிலேயே இந்தப் புரதம் போய் ஒட்டிக்கொள்ளும், இதில் இடமாவது பார்ப்பதாவது என்பது அவர் கட்சி. சோதித்துப் பார்க்க வால் துண்டுகளை மூன்று டியூப்களில் அனுப்பினார். எதில் பாஸ்பேட் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. மூன்றில் இரண்டு ஒட்டவில்லை என்றால் யார் நம்புவார்கள் என்பதுதான் அருள்செல்வனின் பயம்.

கூட்டம் தொடங்கியது. நதியா ஒரு நொடிகூடத் தயங்காமல் மூன்றையும் காட்டினாள்.

"ஏ ஒட்டுச்சு மேடம். பி ஒட்டல. சியும் ஒட்டல."

திரையில் அருள்செல்வன் முகம் சுண்டிப்போனது. "சி டியூப்ல கொஞ்சம் பிரச்சினை மேடம்..." என்று இழுத்தார்.

"பிரச்சினை இல்ல மேடம். என் ரிசல்ட் அதுதான்" என்றாள் நதியா.

மேடம் தன் குறிப்பைப் பார்த்தார். "ஏ-ல, அந்த ஏழுல ரெண்டாவது இடத்துல பாஸ்பேட். பி-லயும் அதே அளவுதான், ஆனா அஞ்சாவது இடத்துல. சி-ல ரெண்டாவது இடத்துலயும் இருக்கு, கூடவே முதல் இடத்துலயும் வச்சேன். நான் சொன்ன மாதிரி வெறும் மின்னூட்டம்னா சி-தான் நல்லா ஒட்டியிருக்கணும். பக்கத்துல இன்னொண்ணு வந்ததும் உன் புரதம் விலகிடுச்சு. அது இடம் பாத்துத்தான் பிடிக்குது." மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "நான்தான் தப்பு. நீ தொடர்ந்து பண்ணு. சி-ஐ மட்டும் மறைச்சிருந்தா, உன்னை நம்பாம ஆராய்ச்சியை இன்னிக்கே முடிச்சு அனுப்பியிருப்பேன்."

நதியா திரும்பி அம்மாவுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

"அதான் மேடம், சி ரொம்ப முக்கியம்னு நானும் சொல்லிட்டே இருந்தேன்" என்றார் அருள்செல்வன், கூச்சமே இல்லாமல்.

பேசாமல் இருந்திருக்கலாம். இன்னும் இரண்டு வருடம் அவரிடம்தான் கையெழுத்து வாங்கவேண்டும்.

"இல்ல சார்" என்றாள் நதியா. "நீங்க அதை எடுத்துடச் சொன்னீங்க. நான்தான் எடுக்கல."

திரையில் அருள்செல்வன் கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமாம்மா" என்றார். "எடுக்கத்தான் சொன்னேன்."