மக்பாவின் முதல் மனைவி

ஒன்பது பேர் ஏறினாலே முனகும் அந்தச் சின்ன விமானத்துக்கு ஊரில் கொசு என்று பெயர். வடதுருவக் கடற்கரையோரம் சிதறிக் கிடந்த பனியூர்களுக்கு அதை விட்டால் வேறு போக்குவரத்து இல்லை. அப்படி ஓர் ஊரில் அந்தக் கம்பெனியின் ஆள் மக்பா. சீட்டுக் கிழிப்பது, பெட்டி ஏற்றுவது, ஓடுபாதையில் நாய்களை விரட்டுவது, எல்லாம் அவன்தான்.

அன்று பிரயாணிகளை எடை பார்த்துக்கொண்டிருந்தான். சாமான் எடைக்குத்தான் காசு, உடம்பு எடைக்கு இல்லை. மெலிந்த உடம்புக்காரி ஊலாயுக் தராசில் ஏறியதும் முள் ஒரு சுற்று சுற்றிவிட்டு நின்றது. அவள் மேலங்கி இடுப்பைச் சுற்றிப் பீப்பாய்போல் புடைத்திருந்தது. உறைந்த மீன் ஒன்றின் வால் கழுத்துப் பக்கம் எட்டிப் பார்த்தது.

"அத்தனையும் மீனா?" என்றான் மக்பா மெதுவாக.

"என்னங்க, கட்டின பொண்டாட்டிய நாலு பேர் முன்னாடி இப்படியா கேப்பீங்க?" என்றாள் அவள் உரக்க. "வயசானா உடம்பு வைக்காதா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஊலாயுக்குக்கு அறுபது தாண்டிவிட்டது, மக்பாவுக்கு இருபத்தாறு. அவள் புருஷன் இறந்த வருஷம் பிறந்ததால் அவர் பெயரை இவனுக்கு வைத்துவிட்டார்கள். பெயரோடு உறவும் வந்து ஒட்டிக்கொள்வது அங்கே வழக்கம். தொட்டிலில் கிடந்த நாள் முதல் அவள் அவனை 'என்னங்க' என்றுதான் கூப்பிடுகிறாள்.

தெற்கிலிருந்து புதிதாக வந்திருந்த விமானி க்ளேட்டனுக்கு அந்த ஊர்ப் பேச்சு புரியாது. "என்ன சொல்றாங்க?" என்று கேட்டான்.

"நான் அவங்க புருஷனாம்," என்றான் மக்பா, விளக்கச் சோம்பல்பட்டு.

க்ளேட்டன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பண்பான பிள்ளை, வயசைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "முன்னாடியே சொல்லக் கூடாதா? ஊழியர் மனைவிக்குச் சீட்டு இலவசம். கூடுதல் சுமையும் உண்டு," என்று காகிதத்தில் எழுதிக்கொண்டான்.

இதை யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, ஊலாயுக்கின் முகம் மலர்ந்தது. மக்பா வாயைத் திறப்பதற்குள் மீன்களோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகு எந்த ஊரில் பிங்கோ எண் சூதாட்டம் நடந்தாலும் ஊலாயுக் அங்கே இருந்தாள். மக்பாவும் கண்டுகொள்ளாமல் விட்டான். குளிர்காலம் கழிந்து, அவனுக்கும் பள்ளிக்கூடத்தில் சமைக்கும் லீத்தியாவுக்கும் கல்யாணம் நிச்சயமானது. மரமே முளைக்காத அந்தப் பனியில் பிறந்தவளுக்கு மரங்களைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. தெற்கே போக இலவசச் சீட்டுக் கேட்டுத் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டான்.

"உங்க மனைவி பேர் ஏற்கெனவே பதிவாகி இருக்கே?" என்றாள் அங்கிருந்த பெண். "ஊலாயுக். நல்லாவே ஊர் சுத்துறாங்க."

பக்கத்தில் நின்ற லீத்தியாவுக்கு அது கேட்டுவிட்டது. அவன் கையைப் பிடித்துத் தரதரவென்று ஊலாயுக் வீட்டுக்கு இழுத்துப் போனாள்.

"அத்தே, அவரை எனக்கு விட்டுக் குடுங்க!"

ஊலாயுக் தேநீரை நிதானமாக உறிஞ்சினாள். "சும்மா எப்படிடி விடுவேன்? இவர் எந்தப் பனிமானை அடிச்சாலும் அதுலயே ருசியான நாக்கு எனக்கு வந்துரணும்."

"குடுத்துத் தொலைங்க," என்றாள் லீத்தியா மக்பாவிடம். "இவங்களுக்கு இருக்கற நாக்கு போதாதாக்கும்!"

ஊலாயுக் வயிறு குலுங்கச் சிரித்தாள். மேலங்கியை மாட்டிக்கொண்டு நேராக ஊர் வானொலி நிலையத்துக்குப் போனாள். பிங்கோ எண்களைப் படித்துக்கொண்டிருந்தவனிடமிருந்து ஒலிவாங்கியைப் பிடுங்கி, "எல்லாரும் கேட்டுக்குங்க. எம் புருஷன் மக்பாவை இன்னியோட தள்ளி வெச்சுட்டேன். ராத்திரி ஒரு நாள்கூட வீடு தங்கினதில்லை. இனி லீத்தியா பாடு," என்றாள். ஊர் முழுக்கச் சிரித்தது. மக்பா இரண்டு நாள் கடைப் பக்கமே தலைகாட்டவில்லை.

அலுவலகத்துக்கு அவன் தயங்கித் தயங்கிச் செய்தி சொன்னபோது அந்தப் பெண் உருகிப்போனாள். "பிரிஞ்சுட்டீங்களா? அடடா. மனசு எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்!" புது மனைவியின் பெயரை எழுதிக்கொண்டு, ஆறுதலாகச் சன்னல் இருக்கைகளும் போட்டுக் கொடுத்தாள். மக்பா மறுபடியும் விளக்கச் சோம்பல்பட்டான்.

கல்யாணம் முடிந்து இருவரும் கிளம்பிய அன்று ஊலாயுக் வழியனுப்ப வந்தாள். லீத்தியாவைக் கட்டிப்பிடித்து அந்த ஊர் முத்தமாக இரண்டு கன்னத்தையும் முகர்ந்தாள். விமானத்தின் அருகே நின்ற க்ளேட்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எங்க ஊர்ல இப்படி ஒரு பெருந்தன்மையைப் பாக்க முடியாது," என்றான் மக்பாவிடம்.

ஊலாயுக் க்ளேட்டனைத் தலை முதல் கால் வரை நிதானமாக அளந்தாள்.

"லீத்தியா, இந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆயிருச்சான்னு கேளு. விமானி பொண்டாட்டின்னா வெளிநாடே போகலாமாமே?"