மூட்டையின் மறுமுனை

இருபத்தைந்து கிலோ சோப்புத்தூள் மூட்டையை இனி ஒருவர் தூக்கக் கூடாது, இருவர்தான் தூக்க வேண்டும், இருவர் பெயரும் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்று தலைமை அலுவலகம் கடைக்குக் கண்டிப்பாக எழுதியிருந்தது. அதைப் படித்ததும், குச்சி என்று எல்லோரும் கூப்பிடும் கிடங்குப் பெண்ணுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. போன மாதம்தான் இடுப்பு பிடித்துக்கொண்டு, நான்கு நாள் பல் துலக்கக்கூடக் குனிய முடியாமல் கிடந்தாள். வயது பத்தொன்பதுதான். "இன்னொரு தடவை இழுத்துக்கிச்சுன்னா மூணு மாசம் படுக்கைதான்" என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

ஆனால் காலை ஷிப்டில் கிடங்கில் அவள் ஒருத்திதான். சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். துணிப் பிரிவிலிருந்து, சேலை கட்டி நிறுத்தும் ஆளுயரப் பொம்மை ஒன்றைத் தூக்கி வந்து, அதன் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டினார்.

"இதான் உன் ஜோடி. ஆள் கணக்கு சரியாப் போச்சு."

"சார், இதுக்கு ஒரு கைதானே இருக்கு?"

"உனக்கு ரெண்டு இருக்குல்ல? மொத்தம் மூணு. நொண்டிச் சாக்கு சொல்லாதம்மா."

குச்சிக்கு எதிர்த்துப் பேச வாய் வராது. மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "தூக்குங்கக்கா" என்று பொம்மையிடம் மரியாதையாகக் கேட்டாள். காத்திருந்தாள். பதினோரு மணிவரை ஒரு மூட்டைகூட நகரவில்லை. 'உடன் பணியாளர் ஒத்துழைக்கவில்லை' என்று பதிவேட்டில் எழுதினாள்.

புகார் ஏறிவிட்டால் விசாரித்தே ஆக வேண்டும். சூப்பர்வைசர் பல்லைக் கடித்துக்கொண்டு பொம்மைக்கு ஒரு மெமோ எழுதினார். பதில் வரவில்லை. இரண்டாவது மெமோவைப் பொம்மையின் விரல்களுக்கிடையே செருகினார். இருந்த ஒரு கையும் கழன்று விழுந்தது.

"வேலை நேரத்துல காயம் சார். இதையும் எழுதணுமா?"

"தாயே, என் வேலைக்கே உலை வச்சுடாத!"

காயம்பட்டவருக்கு ஓய்வு தர வேண்டும் என்பதும் விதி. உட்கார மடங்காததால் பொம்மையை ஓய்வறைப் பெஞ்சில் படுக்கவைத்தார்கள். பதினைந்து நாள் விடுப்பு. எட்டிப் பார்த்த கேஷ் கவுண்டர் அக்கா பெருமூச்சு விட்டாள். "கொடுத்து வச்சவ. தோள்பட்டை வலின்னு நான் நடையா நடந்தேன், அரை நாள் கூடத் தரல."

வெளியே சோப்புத்தூள் கேட்டுக் கூச்சல் கிளம்பியது. சூப்பர்வைசர் மூட்டையைப் பார்த்தார். குச்சியைப் பார்த்தார். அவள் தன் முனையைப் பிடித்தபடி அவசரமே இல்லாமல் நின்றாள். வேறு வழியின்றி, சட்டைக்கையை மடித்துவிட்டு எதிர்முனையில் குனிந்தார்.

"அப்படிக் குனியாதீங்க சார், சுளுக்கிக்கும். முட்டிய மடக்கி உக்காருங்க. மூட்டைய வயித்தோட அணைச்சுக்குங்க. ஒண்ணு, ரெண்டு..."

மூட்டை எழுந்தது. குச்சியின் இடுப்பு முணுக்கென்றுகூடச் சொல்லவில்லை.

"இன்னும் எத்தனை இருக்கு?" என்றார் அவர், மூச்சு வாங்க.

"முப்பத்தொம்பது சார்" என்றாள் குச்சி, அடுத்ததன் முனையைப் பிடித்தபடி.