மரம் விழும் பக்கம்

போன வாரம் எங்கள் தெருவில் மின்கம்பியை உரசிய வேப்பங்கிளையை அறுக்க ஒருவன் வந்தான். ரப்பர் செருப்பு, லுங்கி, வாயில் பீடி, கையில் பெட்ரோல் ரம்பம். "தம்பி, காலுக்குப் பூட்ஸ் எங்கப்பா?" என்று கேட்டேன். "பெருசு, ஓரமாப் போ" என்றான். போனேன். எழுபத்தெட்டு வயதில் வேறென்ன செய்ய? ஆனால் அவன் கயிற்றை இழுத்து மிஷினைக் கிளப்பியதும், அந்த எண்ணெய்ப் புகை வாசனைக்கு என் நெஞ்சு அடித்துக்கொண்டது. பாழாய்ப்போன மனசு நேரே ஐம்பத்தைந்தாம் வருஷத்துக்கு ஓடிவிட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. நான் வேலை பார்த்த மராமத்து இலாகாவில் இருந்த வெள்ளைக்கார இஞ்சினியர் கப்பல் ஏறும்போது இரண்டை விட்டுப்போனார். ஒன்று மிஷின் ரம்பம். இன்னொன்று அதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பிரெஞ்சில் அச்சடித்த புத்தகம். எங்கள் ஆட்களில் பிரெஞ்சு படித்தவன் நான் ஒருத்தன்தான். அதனால் ரம்பம் என் கைக்கு வந்தது.

என்ன பெருமை எனக்கு! அருளானந்தம் மரம் அறுக்கிறான் என்றால் கடைக்காரர்கள் கல்லாவை விட்டு எழுந்து வருவார்கள். மீன்கூடைக்காரிகள் கூடையை இறக்கிவிட்டு நிற்பார்கள். சாயங்காலம் பழைய பனியனைக் கிழித்துச் சங்கிலியைத் துடைப்பேன். கல்யாணத்துக்கு முன்னால் நான் காதலித்தது அந்த ரம்பத்தைத்தான். என் மனைவி லூர்துசெல்வியைக் கேட்டால், கல்யாணத்துக்கு அப்புறமும் அதைத்தான் என்பாள்.

புத்தகத்தில் பன்னிரண்டு விதிகள். எல்லாம் எனக்கு மனப்பாடம். பூட்ஸ் இல்லாமல் தொடமாட்டேன். கால்சட்டையைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டுவேன். ரம்பத்தின் நுனி மரத்தில் படவிடமாட்டேன். பட்டால் துள்ளி முகத்துக்கு வரும். பெட்ரோல் ஊற்றுமுன் மிஷினை ஆறவிடுவேன். மரம் அசைந்தால் நான் விலகி ஓட வழி பார்த்து வைத்த பிறகுதான் அறுக்கவே தொடங்குவேன். என் உடம்பைக் காப்பாற்றும் விதி ஒன்றைக்கூட விட்டதில்லை.

கூட வேலை செய்பவர்களுக்கு மட்டும் ஒரே ஒரு விதியைச் சொல்லிவைத்திருந்தேன். "மிஷின் ஓடும்போது எவனும் எனக்குப் பின்னால வரக்கூடாது. தொடக்கூடாது. நிறுத்தணும்னா என் கண்ணுக்கு நேரா முன்னால வந்து நில்லு. நான் நிறுத்துற வரைக்கும் நில்லு." மற்ற பதினொன்றும் கயிறு இழுக்கிறவனுக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். அவ்வளவு திமிர்.

அந்த வருஷம் மழைக்காலத்துக் காற்றில் குருசுக்குப்பம் போகிற வழியில் ஒரு தூங்குமூஞ்சி மரம் வேர் கிளம்பி, வீடுகள் இருந்த பக்கமாகச் சாய்ந்துவிட்டது. கயிறு கட்டி எதிர்ப்பக்கம் இழுத்து, வெற்று மணலில் விழவைக்க வேண்டும். குப்பத்திலிருந்து வழக்கம்போல் எட்டுப் பேர் வந்தார்கள். கரைவலை இழுத்து உரமேறிய கைகள். அவர்களில் கயிற்றின் கடைசியில் நின்றவன் தெய்வநாயகம். குப்பத்திலேயே எனக்கு நெருங்கிய சிநேகிதன். அவன் பிடித்த நண்டு எத்தனையோ நாள் என் வீட்டுக் குழம்பில் கொதித்திருக்கிறது.

அன்று அவன் என்ன செய்தான் என்றால், வலை இழுக்கிற பழக்கத்தில் கயிற்று நுனியைத் தன் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டான். கரையில் அது சரி. உடம்பின் கனம் முழுக்கக் கயிற்றில் இறங்கும், வலை நகரும். ஆனால் மரம் வலை இல்லையே! அது சாயத் தொடங்கினால் கயிற்றை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் ஓட வேண்டும். கட்டிக்கொண்டவன் எங்கே ஓடுவான்? கயிறும் மரத்தின் உயரம்தான் இருந்தது. நான் அதை அளக்கவும் இல்லை, அவன் இடுப்பைப் பார்க்கவும் இல்லை.

மிஷினைக் கிளப்பினேன். பாதிக்கு மேல் அறுத்தாயிற்று. அப்போது தெய்வநாயகத்தின் மனைவி வீராயி மீன் விற்றுவிட்டு அந்த வழியாக வந்திருக்கிறாள். புருஷனின் இடுப்பைப் பார்த்ததும் கூடையைப் போட்டுவிட்டு ஓடி, முடிச்சைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறாள். நனைந்த கயிறு, இழுவையில் இறுகிப்போன முடிச்சு, அவிழவில்லை. மற்றவர்கள் கையை எடுத்துக் கயிற்றைத் தளர்த்தவும் முடியாது, தளர்த்தினால் மரம் திரும்பி என் மேலேயே சாயும். கத்தினால் எனக்குக் கேட்காது. இதெல்லாம் பிறகு அவர்கள் சொல்லித் தெரிந்தது. அந்த நேரத்தில் என் கண் ரம்பத்தில்தான் இருந்தது.

நிமிர்ந்தபோது வீராயி எனக்கு நேர் எதிரே நின்றாள். இரண்டு கையும் தலைக்கு மேலே. மரத்துக்குப் பின்பக்கம் நின்று அறுக்கிறவனுக்கு முன்பக்கம் என்பது மரம் விழும் பக்கம்தானே! ஐயோ, அது அவளுக்குத் தெரியாதா? தலைக்கு மேலே அந்த ராட்சத மரம் அசைவது தெரிந்தும் இம்மியும் நகராமல் நின்றாள்.

மிஷினை நிறுத்தினேன். அதன் பிறகுதான் எட்டுப் பேரின் கூச்சலும் காதில் விழுந்தது. "இடுப்புல கட்டிக்கினு இருக்காரு!" என்று வீராயி அலறினாள்.

"டேய் பாவாடை, அறு! கயித்த அறுடா!" என்று கத்தினேன். தெய்வநாயகத்துக்கு முன்னால் கயிறு பிடித்திருந்த பாவாடை என்பவன், தன் மடியிலிருந்த மீன்கத்தியை உருவி, தெய்வநாயகத்தின் இடுப்பை ஒட்டி ஒரே வெட்டாக வெட்டினான். அதற்குள் மரம் மளாரென்று முறிந்தது. நான் பாய்ந்து வீராயியின் கையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் மணலில் போய் விழுந்தோம். ஆட்கள் சிதறி ஓடினார்கள். தெய்வநாயகம் ஒரு நொடிக்கு முன் நின்ற இடத்தில் கிளைகள் வந்து இறங்கின. அறுந்த கயிற்றின் துண்டு இன்னும் அவன் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

எல்லாரையும் உட்காரச் சொல்லி, சொல்லாமல் விட்ட பதினோரு விதியையும் அங்கேயே ஒவ்வொன்றாகச் சொன்னேன். 'மரம் விழும் திசையில் ஒரு உயிரும் நிற்கக்கூடாது' என்பதை மட்டும் இரண்டு தரம் சொன்னேன். நான் சொல்லிக்கொடுத்த ஒரே விதி என்னைக் காப்பாற்றுவது. புருஷன் வாயால் கேட்டிருந்த அதை நம்பித்தான் அவள் போய் நின்றாள்.

"தப்பு என் மேலதான் தாயி," என்றேன். "மரம் உன் மேல விழுந்திருந்தா இன்னா ஆவறது? ஒரு ஓரமாவாவது நின்னிருக்கக் கூடாதா?"

சிதறிக் கிடந்த மீன்களைக் கூடையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓரமா நின்னா நீங்க பாத்திருப்பீங்களா? அவரு போயிட்டா, அப்புறம் நான் எங்க நின்னாதான் இன்னாண்ணே?" என்றாள்.

நான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதேன்.