எம்மெட் கேட்டது

டீலியா, இறந்துபோன அண்ணன் எம்மெட்டுடைய கோட்டின் கைகளை மடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள். உள்ளே நுழைக்கக் கைகள் இல்லை. மதியம் அடக்கம். அதற்குள் படக் கம்பெனி மேனேஜர் புரூயிட் காகிதத்தோடு வந்து நின்றார்.

"சிப்பாய் வேஷச் சட்டையத் திருப்பி வாங்க வந்தீங்களா? கை ரெண்டும் இல்ல, பரவால்லையா?"

"கோபம் புரியுதும்மா. உங்கம்மா இதுல ஒரு கைநாட்டு வச்சா போதும்."

அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிய பழைய போரைப் பற்றிய ஊமைப்படம்; எம்மெட் அதில் பீரங்கிச் சிப்பாயாக நடித்தான். அந்தக் காலத்துப் பீரங்கிக்கு வாய்வழியாகத்தான் மருந்து திணிக்க வேண்டும். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு குழாயை ஈரக்கழியால் துடைக்காவிட்டால், உள்ளே மிஞ்சிய கங்கு அடுத்த மருந்துப்பையைத் திணிப்பவன் கையிலேயே வெடிக்கவைக்கும். எம்மெட் துடைக்க மறந்தான் என்றது காகிதம். வெயில் இறங்குகிறதென்று டைரக்டர்தான் துடைக்க விடவில்லை என்று கூட நின்றவர்கள் டீலியாவிடம் முணுமுணுத்திருந்தார்கள். சாட்சிக்கு ஒருவனும் வரமாட்டான். நாளைக்கும் அவர்களுக்கு அங்கேதான் வேலை.

"முதல்ல படத்தக் காட்டுங்க."

"தாராளமா. அது என்ன பேசவா போகுது?"

டீலியாவின் அம்மா ஹனோராவுக்கு பேட்டர்சன் பட்டு மில்லின் தறி இரைச்சலில் காது போயிருந்தது. அங்கே எல்லோருக்கும் உதடு பார்த்துத்தான் பேச்சு. அவளிடம் பேசிப் பேசியே எம்மெட், யாரிடம் பேசினாலும் வாயை நன்றாகத் திறந்து பேசுவான்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, கம்பெனியின் இருட்டறையில், திரையில், அவன் பீரங்கி வாயருகே நின்றான். மருந்துப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, கேமரா பக்கம் யாரையோ பார்த்துப் பேசினான்.

"'துடைக்க வேணாமா சார்'ங்குறான்," ஹனோரா உரக்கச் சொன்னாள். "மறுபடியும் கேக்குறான். 'கங்கு இருக்கும் சார்'."

திரை கறுத்தது. அவன் பேசியதாக வெள்ளை எழுத்துகள் வந்தன: 'கொடிக்காக உயிரையும் தருவோம், தோழர்களே!'

அப்புறம் எம்மெட் பையைத் திணித்தான். வெறும் புகை. சத்தமே இல்லை.

"உதட்டப் பாத்தேன்னு எந்த ஜட்ஜுகிட்டச் சொல்லுவீங்க?" புரூயிட் தணிந்த குரலில் டீலியாவிடம் சொன்னார். "ஜனங்க எழுத்தத்தான் படிப்பாங்க."

ஹனோராவுக்கு எழுத்துத் தெரியாது. மகளின் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"அவன் கேட்டதத்தான எழுதியிருக்காங்க?"

புகை கலைந்துகொண்டிருந்த திரையின் வெளிச்சத்தில், டீலியாவின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.