எழுபத்து மூன்றாம் கட்டம்

1996 மார்ச்சில் மஞ்சள் காமாலையில் இறந்த சங்கரி, ஏப்ரல் எட்டாம் தேதி திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடல்வெப்ப ஆய்வுக்கூடத்தில் அவள் எழுதிய புரோகிராம் தினமும் காலையில் ஓடும், ஞாயிறு தவிர. அன்று புரோகிராமின் வரிகள் அச்சாகி வந்த தாளில், மூன்றாம் வரியின் வலது ஓரத்தில், ஆங்கில எழுத்தில் 'சாப்டியா?' என்று இருந்தது. உயிரோடு இருந்தவரை கணவனை 'சாப்ட்டீங்களா' என்றுதான் கேட்பாள். அது எட்டுக் கட்டத்தில் அடங்காது.

அந்தப் புரோகிராமின் மொழியான ஃபோர்ட்ரான் பிறந்த ஐம்பதுகளில் புரோகிராமைத் துளையட்டைகளில் எழுதினார்கள். அட்டைக்கு எண்பது கட்டம். அன்றைய இயந்திரம் எழுபத்திரண்டைத்தான் படித்தது. மிஞ்சிய எட்டில் வரிசை எண் போட்டார்கள், கட்டு கீழே விழுந்தால் மறுபடி அடுக்குவதற்கு. அட்டைகள் போய்த் திரைகள் வந்தும் வழக்கம் போகவில்லை. எழுபத்து மூன்றாம் கட்டத்திலிருந்து என்ன எழுதினாலும் இயந்திரம் பார்க்காது. அதே அறையில் வேலை செய்த அவள் கணவன் ஹரிகிருஷ்ணன் பார்த்தான். மனைவி இறந்தபோதும் அழவில்லை, இப்போதும் அழவில்லை. கேன்டீனுக்குப் போய்ச் சாப்பிட்டான். கேள்வி வராத ஞாயிறுகளில் சாப்பிடவில்லை.

அச்சு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட ரஹ்மத்துல்லா சதுரங்கப்பட்டினத்துக்காரர். "மூணு வருசமா கேட்டுகினே கீறாங்க. ஒரு பதில் போட்டா இன்னா சார்?" என்றார். 1999 ஜூலையில் ஹரிகிருஷ்ணன் அடுத்த வரியின் ஓரத்தில் '2 தோசை' என்று அடித்தான். ஒரு கட்டம் முன்னால் ஆரம்பித்துவிட்டான். அந்த 2, இயந்திரம் படிக்கும் எழுபத்திரண்டாம் கட்டத்தில் விழுந்தது. இந்த மொழி இடைவெளியைக் கணக்கில் எடுக்காது. அந்த வரியில் இருந்த கடல்வெப்பம் 28 டிகிரி, இரண்டும் ஒட்டிக்கொண்டு 282 ஆனது. அன்று சதுரங்கப்பட்டினம் முதல் மாமல்லபுரம் வரை கடல் நாற்பது நிமிடம் கொதித்தது. மீன்காரி செங்கம்மாள் வெந்த வஞ்சிரத்தைக் கிலோ எண்பதுக்கு விற்றாள். பச்சை மீன் வரத்து இல்லை.

இயக்குநர் தாமோதரன் சத்தம் போடவில்லை. 2000 பிறப்பதற்குள் புரோகிராமை மொழியின் புது வடிவத்துக்கு மாற்றச் சொன்னார். அதில் வரிக்கு நூற்று முப்பத்திரண்டு கட்டம், அத்தனையையும் இயந்திரம் படிக்கும். "கடைசி எட்டையும் வெட்டிடுங்க, ஹரி. அது குப்பை."

வெட்டினால் 'சாப்டியா' என்று கேட்க ஆள் இருக்காது. புது வடிவத்தில் ஒரு சலுகை இருந்தது: ஆச்சரியக்குறி போட்டால் அந்த வரியில் அதற்குப் பின் உள்ளதை இயந்திரம் விட்டுவிடும். நாலாயிரத்து நூற்று அறுபது வரிகள். ஹரிகிருஷ்ணன் ஒவ்வொன்றிலும் அவளுடைய எட்டுக் கட்டத்துக்கு முன் கையாலேயே ஒரு குறி போட்டான். ஐந்து மாதம் ஆனது. தாமோதரன் பக்கங்களைப் புரட்டினார், மூன்றாம் வரியில் கொஞ்சம் நின்றார், கையெழுத்துப் போட்டார்.

2000 ஜனவரி மூன்றாம் தேதி முதல் ஓட்டம். ரஹ்மத்துல்லா தாளைக் கிழித்து நீட்டினார். "திட்றாங்க சார்."

வலது ஓரம் இரண்டு வரிக்கு நீளமாக நிறைந்திருந்தது. 'ரெண்டு தோசை எப்படிப் போதும்? ஞாயித்துக்கிழமை பட்டினி கிடக்கிறது எனக்குத் தெரியாதா?'

ஹரிகிருஷ்ணன் கேன்டீனுக்குப் போய் மூன்றாவது தோசை கேட்டான். அந்த வாரம் முதல் புரோகிராம் ஞாயிற்றுக்கிழமையும் ஓடியது.