மாற்றுச் சனிக்கிழமை

ரம்லத் மேடம் எஞ்சினியராக வந்ததும் ஆரம்பித்துவைத்த கூத்துதான் மாற்றுச் சனிக்கிழமை. அன்றைக்குக் குடிநீர் அலுவலகத்தில் ஆளுக்கு ஆள் வேலை மாறும். பில் போடும் வல்சலா பம்ப் ஹவுசுக்குப் போக வேண்டும். பம்ப் ஓட்டும் குஞ்ஞுமோன் கவுண்டரில் உட்கார்ந்து ஜனங்களிடம் வசவு வாங்க வேண்டும். வல்சலாவுக்கு அந்த நாளே வேப்பங்காய். முதல் தடவையே தண்ணீர் வெளியேறும் வால்வை மூடாமல் மோட்டாரைப் போட்டாள். பாரம் தாங்காமல் மோட்டார் நின்று, பம்ப் ஹவுசே இருண்டுவிட்டது.

"சேச்சி, நீங்க பில்லுல பூஜ்யம் போடறதோட நிறுத்திக்கங்க" என்றான் குஞ்ஞுமோன். அந்தக் கேலி மாதக்கணக்கில் ஓயவில்லை.

ஆடி பிறந்து கொட்டிய கர்க்கடக மழையில் ஆறு பாலத்தை விழுங்கியது. அலுவலகமும் மற்ற பம்ப் ஆட்களும் அக்கரையில். இக்கரையில் பம்ப் ஹவுசும், ஆஸ்பத்திரியும், வல்சலாவின் வீடும். பம்ப் ஹவுசில் இருந்த இரவு ஷிப்டுக்காரரோ வீடு முங்கியதால் பிள்ளைகளைக் கரையேற்றப் போய்விட்டார்.

ரம்லத் மேடம் போனில் கூப்பிட்டாள். "சேச்சி, அங்க நீங்க மட்டும்தான் இருக்கீங்க. ஆஸ்பத்திரி டேங்க் மத்தியானம் வரைக்கும்தான் தாங்கும். டயாலிசிஸ்ல ஆளுங்க படுத்திருக்காங்க."

"மேடம், என்னாலயா? நான்..."

சார்ஜ் தீர்ந்து போன் செத்துவிட்டது.

குடையும் பயமுமாக ரப்பர் தோட்டத்து மேட்டில் ஏறிப் பம்ப் ஹவுசுக்குப் போனாள் வல்சலா. சுவிட்சுக்கு முன்னால் போய் நின்றாள். "பகவதி, இன்னிக்கு மட்டும் கைவிட்றாதே" என்று முணுமுணுத்தாள். பம்பிலிருந்து காற்றை வெளியேற்றினாள். வால்வை இறுக மூடினாள். மூடியதை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். மோட்டார் உறுமி, வேகம் பிடித்தது. பிறகுதான் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தாள். தண்ணீர் ஆஸ்பத்திரி டேங்குக்கு ஏறியது. கத்த வேண்டும் போலிருந்தது, கேட்கத்தான் ஆளில்லை.

சாயங்காலம் பம்ப் ஹவுஸ் பக்கம் வந்த மீன்காரர்களின் படகிலிருந்து சொட்டச் சொட்டக் குதித்தான் குஞ்ஞுமோன். வல்சலா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"உக்காருங்க சேச்சி. வர்ற வழியில ஆஸ்பத்திரியில இறங்கிப் பாத்தேன். குழாயில தண்ணி பொத்துக்கிட்டு வருது. டயாலிசிஸ் ஒரு பெட்டுலகூட நிக்கல."

"அங்க ஆபீஸ்ல எப்படிச் சமாளிச்சே?"

"உங்க கவுண்டர்லதான் உக்காந்தேன், போன் காதைப் பிச்சுருச்சு. சேச்சி பம்ப் ஹவுஸ்ல இருக்காங்க, தண்ணி வரும்னு கூப்பிட்ட எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"நம்பித்தான் சொன்னியா?"

குஞ்ஞுமோன் தலையைச் சொறிந்தான். "சத்தியமா இல்ல, சேச்சி."

வல்சலா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழுதுவிட்டாள்.