உச்சிவேளையில் வருகிறவள்

நான் பேயில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாவிக்கு அக்கரையில், செட்டிபாளையத்தில் என் அக்கா ஆச்சிப்பிள்ளையின் வீட்டுக்கு மந்திரம் போடும் கட்டாடியாரை அழைத்து, உடுக்கடித்து, வேப்பிலை வீசிப் பேயோட்டினார்களே, அது என்னைத்தான். நானோ செத்தவளில்லை. வாவிக்கு இந்தப் பக்கம் படுவான்கரையில், புருசனுக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் சோறாக்கிப் போட்டுக்கொண்டு உயிரோடு இருந்தவள்.

எனக்கு மூன்று பெண்கள். அக்காவுக்கு மூன்றும் ஆண். எங்கள் பக்கத்தில் வீடுவாசல் பெண்ணுக்குத்தான் போகும்; பெண் இல்லாவிட்டால் அந்த வீட்டில் பிறகு விளக்கேற்ற ஆளில்லை. "ஒண்டத் தாவன்கா, நான் வளக்கிறன்" என்றாள் அக்கா. வளவில் நிற்கும் வாழைக்குட்டியைக் கேட்பதுபோலக் கேட்டாள். என் புருசன் தங்கராசா தலையை ஆட்டினார். நானும் ஓம் என்றேன். கடைக்குட்டி சீதேவிக்கு அப்போது இரண்டு வயது. "அடிக்கடி வந்து நிக்காத தங்கச்சி, புள்ள மருளும்" என்றாள். அதற்கும் ஓம் என்றேன். அந்த ஓமை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

முப்பத்தைந்தாம் ஆண்டு மலேரியாவில் படுத்து எழும்பிய பிறகுதான் இது தொடங்கியது. மத்தியானம் பாயில் சரிந்தால் எனக்கு மூன்று விதமாக நித்திரை வந்தது.

முதலாவது எல்லோரும் காணும் கனவு. செத்துப்போன அம்மா சீதேவியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவா. நான் அதை நம்புவேன், எழும்பி அழுவேன். இரண்டாவதில் இது கனவு என்று எனக்கே தெரியும். தெரிந்துகொண்டே அக்கா வீட்டுக்குப் போவேன். மாமரம் காய்க்கட்டும் என்றால் காய்க்கும். சீதேவி "அம்மா" என்று கூப்பிடட்டும் என்றால் கூப்பிடுவாள். நானே சமைத்து நானே தின்று நானே ருசி சொல்வதில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்?

மூன்றாவதுதான் பொல்லாதது. எழும்பி நின்று திரும்பிப் பார்த்தால் பாயில் நான் கிடப்பேன், வாயைப் பிளந்துகொண்டு, கன்னத்தில் ஈயோடு. இந்த முகத்தோடு தங்கராசா இத்தனை வருடம் குடும்பம் நடத்தியதற்கு அவருக்கு ஒரு கும்பிடு போடவேண்டும். தோணி இல்லாமலே வாவியைக் கடப்பேன். அங்கே எதுவும் நான் சொன்னபடி கேட்காது. ஒருநாள் அக்கா சோற்றுப் பானையைப் போட்டுடைத்து, ஓடுகளை அம்மிக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். பொங்கலுக்குப் போனபோது அந்தப் பானையைப் பற்றிக் கேட்டேன். அவள் முகம் வெளுத்துப்போனது. நான் உண்மையாகவே போய்வருகிறேன்!

பிறகு விடுவேனா? ஐந்து வயதுச் சீதேவி பின்வாசல் படியில் தனியே இருந்து கொக்கான் வெட்டுவாள். கல்லை மேலே எறிந்து பிடிக்கும்போது நாக்கைக் கடித்துக்கொள்வாள். நான் பக்கத்தில் இருப்பேன். தொட்டால் கை படாது. அக்காவின் கண்ணுக்கு நான் தெரியவில்லை, சீதேவிக்குத் தெரிந்தேன். நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பாள். ஐயோ, அந்தச் சந்தோசத்தை எப்படிச் சொல்ல! பாயில் கிடந்த உடம்பு இழுக்கும்போது எழும்பி வாவியில் இறங்கிவிடுவேன். திரும்பிப் பார்த்தால் வர மனம் இருக்காது என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஒருநாள் காலையில் அக்கா தோணியில் வந்து இறங்கினாள். தலை முடியாமல், அழுது வீங்கிய முகத்தோடு வந்தாள்.

"சின்னத்தங்கம், என்ட புள்ளயப் பேய் பிடிச்சிட்டுகா. உச்சிநேரம் வாவிக்க இறங்குறாள். நேத்துக் கழுத்தளவு தண்ணி. வலை போட்ட மனிசன் காணாட்டி இண்டைக்கு செத்த வீடுதான்."

"ஏன் இறங்கினவளாம்?"

"ஆரோ ஒரு பொம்புள வாறாளாம். போகக்குள்ள தண்ணிக்கு மேலால நடந்து போறாளாம். இவளும் பின்னால போறாள். வாவியில செத்தவள் ஆரோதான்."

'என்ட புள்ள' என்றது சுருக்கென்று தைத்தது. ஆனால் அதைவிடப் பெரியது நெஞ்சில் வந்து விழுந்துவிட்டது. தண்ணீருக்கு மேலால் போனவள் நான். என் பிள்ளை கழுத்தளவு தண்ணீரில் என் பின்னால் வந்திருக்கிறாள்.

பெற்றவள் கையால் காவல்நூல் கட்ட வேண்டும், பிள்ளை தன் வாயால் மூன்று தரம் "வராத" என்று சொல்ல வேண்டும் என்பது கட்டாடியாரின் சொல். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அக்காவோடு தோணியில் ஏறினேன்.

என்னைச் சின்னம்மா என்று மட்டுமே அறிந்த சீதேவி, கண்டதும் அக்காவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள். கட்டாடியார் கேட்டார். "வாற பொம்புள இந்தச் சின்னம்மா மாதிரியா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இல்ல. அவ வடிவு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண் மட்டும் எரிந்தது.

"வராத" என்று சொல்ல மாட்டேன் என்று சீதேவி நின்றாள். அக்கா கெஞ்சினாள், கம்பெடுத்து வெருட்டியும் பார்த்தாள். "அவ என்னோட இருக்கிறவ. அவ வரட்டும்!" என்று காலை உதைத்தாள். கடைசியில் நான்தான் மடியில் தூக்கி வைத்தேன். மூன்று வருடத்துக்குப் பிறகு அவளுடைய பாரம் என் மடியில். என்ன சூடு அந்தப் பிள்ளைக்கு!

"சொல்லு மகள். அவ கோவிக்க மாட்டா."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும் சின்னம்மா?"

"எனக்குத் தெரியும்."

என் முகத்தைப் பார்த்து மூன்று தரம் சொன்னாள். மணிக்கட்டில் நூலைக் கட்டினேன்.

அதன் பிறகு மத்தியானத்தில் நான் படுக்கவில்லை. நெல் குற்றினேன், குற்றியதையே திரும்பப் புடைத்தேன். இருபதாம் நாள் சுவரில் சாய்ந்தபடி கண் அயர்ந்துவிட்டது. எழும்பி நின்று பார்த்தால், மடியில் சுளகோடு நான் சாய்ந்திருக்கிறேன். போகாதேடி என்று எனக்கு நானே சொன்னேன். கேட்டேனா?

வேலியில் கட்டிய வேப்பிலை என்னைத் தடுக்கவில்லை. வாசலில் புதைத்த மந்திரத் தகடும் தடுக்கவில்லை. கட்டாடியாருக்குக் கொடுத்த சேவல் வீண். நேரே பின்வாசலுக்குப் போனேன்.

சீதேவியின் கையிலிருந்த கற்கள் விழுந்தன. முகமெல்லாம் சிரிப்பாக எழும்பி ஓடி வந்தாள். பாதியில் நின்றாள். மணிக்கட்டு நூலை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வராத" என்றாள். "வராத." மூன்றாவதை அழுகையோடு சொல்லி முடித்தாள், நான் சொல்லிக்கொடுத்த பிள்ளை.

வந்த வழியே கிறுகி நடந்தேன். இந்தத் தரம் அடிக்கு அடி திரும்பிப் பார்த்தேன். நடு வாவியிலும் நின்று பார்த்தேன். நூலைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். பின்னால் வரவில்லை.